எந்தப் பழமொழி சரி?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலப் பழமொழிகளைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ‘லுக் பிஃபோர் யூ லீப்’ (பாயும் முன் பார்), ‘ஸ்ட்ரைக் வைல் தி அயர்ன் இஸ் ஹாட்’ (இரும்பு சூடாக இருக்கும்போதே அடி) இரண்டும் அடுத்தடுத்து இருக்கவே, “யோசிச்சு செய்யணுமா, உடனே செய்யணுமா? ரெண்டும் எப்படிம்மா சரியா இருக்கும்?” என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ‘முந்தி எழும் பறவைக்கே புழு’ என்பதைச் சொல்லி, அமெரிக்க நிறுவனத்துக்காக இரவுப் பணி செய்யும் என் தம்பியை உறவினர்கள் குத்திக்காட்டுகிறார்கள். வேறு நாட்டில் பிறந்த இந்த வாசகங்களால் நம் அன்றாட வாழ்க்கைக்குப் பயன் உண்டா? பிள்ளைகளுக்கு ஏற்ற பழமொழித் தொகுப்பு இருந்தாலும் சொல்லுங்கள்.

சு., பெரம்பூர், சென்னை

அன்புள்ள சு.,

உங்கள் மகளின் கேள்வி மிக நல்ல கேள்வி. அது பழைய கேள்வியும்கூட. 1546ஆம் ஆண்டு லண்டனில் ஜான் ஹேவுட் என்பவர் ஆங்கிலப் பழமொழிகளை ஒரு நீண்ட உரையாடலாகத் தொகுத்து அச்சிட்டார். அதில் ஓர் இளைஞன், யாரை மணப்பது, எப்போது மணப்பது என்று தெரியாமல் தவிக்கிறான். அவசரப்படு என்று சொல்லும் பழமொழிகள் ஒருபுறமும், பொறுத்திரு என்று சொல்லும் பழமொழிகள் மறுபுறமுமாக அவனை இழுக்கின்றன. உங்கள் மகளைத் திகைக்க வைத்த அந்த இரண்டும் அந்த நூலிலேயே இருக்கின்றன.

பழமொழியைச் சட்டம்போல எல்லா இடத்துக்கும் பொருந்துவதாக எடுத்துக்கொள்வதால்தான் இந்தத் திகைப்பு வருகிறது. தொல்காப்பியச் செய்யுளியல் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது, ‘குறித்த பொருளை முடித்தற்கு வரூஉம் ஏது நுதலிய முதுமொழி’ என்கிறது. அதாவது, பேசிக்கொண்டிருக்கும் ஒரு காரியத்தை முடித்து வைப்பதற்குக் காரணமாக எடுத்துச் சொல்லப்படுவது பழமொழி. காரியம் முதலில் இருக்க வேண்டும். அதற்குப் பிறகே பழமொழி. பட்டியலில் காரியம் இல்லை, வாசகம் மட்டுமே இருக்கிறது. அதனால்தான் ஒன்றோடொன்று மோதுகிறது.

எந்தப் பழமொழி எந்தக் காரியத்துக்குப் பொருந்தும் என்று கண்டுபிடிக்கும் வழி பெரும்பாலும் அந்தப் பழமொழிக்குள்ளேயே இருக்கிறது. உலையிலிருந்து எடுத்த இரும்பு சற்று நேரத்தில் நிறம் மங்கி இறுகிவிடும். அதற்குப் பின் எவ்வளவு ஓங்கி அடித்தாலும் வளையாது, விரிசல் விடவும் கூடும். ஆகவே கொல்லன் யோசித்துக்கொண்டு நிற்க முடியாது. ஆனால் அவன் எதை அடிக்கப் போகிறான், அரிவாளா, கடப்பாரையா என்பதை உலையில் இரும்பை வைப்பதற்கு முன்பே முடிவு செய்திருக்கிறான். கை வேகமாக வேலை செய்வதற்கு முன் யோசனை முடிந்துவிட்டது. ‘கொக்கொக்க கூம்பும் பருவத்து’ என்று தொடங்கும் குறள் இந்த இரண்டையும் ஒரே பறவையில் காட்டுகிறது: காலம் வரும்வரை அசையாமல் நிற்பதும் கொக்குதான், வாய்த்த கணத்தில் தவறாமல் கொத்துவதும் கொக்குதான்.

இதை நம் ஊரில் வீடு வாங்கும் காரியத்தில் வைத்துப் பாருங்கள். “இன்னும் ரெண்டு பேர் அட்வான்ஸோட நிக்கிறாங்க சார், இன்னைக்கே முடிச்சிடுங்க” என்று தரகர் சொல்வது, சூட்டோடு அடிக்கச் சொல்லும் பேச்சு. மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் வக்கீலிடம் காட்டு, பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று பார், சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வரைபடமும் எழும்பியிருக்கும் கட்டடமும் ஒத்துப்போகின்றனவா என்று பார் என்று அப்பா சொல்வது, ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் பேச்சு. இதில் ஆறிப்போகும் இரும்பு எது? பத்திரம் ஆறுவதில்லை, நாளைக்கும் அதேதான் இருக்கும். சூடாக இருப்பது தரகரின் அவசரம் மட்டுமே. ஆகவே இங்கே அப்பா சொல்வதே பொருந்தும். ஒரு பழமொழி நம்மிடம் சொல்லப்படும்போது, அதைச் சொல்கிறவருக்கு அதனால் என்ன லாபம் என்பதையும் சேர்த்துப் பார்க்க உங்கள் மகளுக்கு இப்போதே கற்றுக்கொடுங்கள்.

பட்டியலில் இன்னோர் இணையும் இருக்கக்கூடும்: பல கைகள் சேர்ந்தால் வேலை இலேசாகும், சமையல்காரர்கள் அதிகமானால் சூப் கெடும். கல்யாண மண்டபத்தின் சமையற்கட்டில் ஒரே இரவில் இரண்டும் உண்மையாவதைப் பார்க்கலாம். முகூர்த்தத்துக்கு முந்தைய இரவு பத்துப் பேர் வரிசையாக அமர்ந்து பூசணியும் கத்திரிக்காயும் நறுக்குகிறார்கள். யார் வந்து உட்கார்ந்தாலும் நல்லதே. ஆனால் விடியற்காலையில் அண்டாவில் சாம்பார் கொதிக்கும்போது உப்பு போடுவது மாஸ்டர் ஒருவர்தான். கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு ருசி பார்த்து, இன்னும் கால் பிடி என்று அவரே போடுகிறார். அவர் அந்தப் பக்கம் போன நேரத்தில் வேறொருவர் நல்லெண்ணத்தோடு ஒரு பிடி போட்டால் ஐந்நூறு பேர் சாப்பாடு கெட்டது. பங்கு போடக்கூடிய வேலை எது, ஒருவர் பொறுப்பில் இருக்க வேண்டிய வேலை எது என்று பிரித்துக் காட்டுவதுதான் அந்த இரண்டு பழமொழிகளும் சேர்ந்து நமக்குச் செய்யும் உதவி. அலுவலகத்திலும் குடியிருப்போர் சங்கத்திலும் நடக்கும் சண்டைகளில் பாதி, இந்தப் பிரிவினை தெரியாததால் வருபவை.

காலத்தில் போட்ட ஒரு தையல் ஒன்பது தையலை மிச்சப்படுத்தும் என்பதைத் தாமஸ் ஃபுல்லர் என்ற மருத்துவர் 1732இல் தம் தொகுப்பில் சேர்த்தார். சென்னைவாசிகள் அதைத் துணியில் பார்ப்பதைவிட மொட்டை மாடியில் பார்ப்பது நல்லது. தட்டோட்டு இணைப்பில் மயிரிழை போன்ற விரிசலைக் கோடையிலேயே கவனித்தால், ஒரு கொத்தனாரும் ஒரு சட்டிக் கலவையும் போதும். விட்டுவிட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கி, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. ஒருநாள் கூரை பெயர்ந்து கட்டிலின் மேல் விழுகிறது. வேறு நாட்டுப் பழமொழி நமக்குப் பயன்படுமா என்ற உங்கள் ஐயத்துக்கு இதையே பதிலாகச் சொல்வேன்.

உங்கள் தம்பியைப் பற்றி எழுதியது எனக்கு வருத்தமாக இருந்தது. மண்புழு இரவின் ஈரத்தில் மேலே வந்து, வெளிச்சம் ஏறியதும் மண்ணுக்குள் போய்விடும். அதனால்தான் பறவை விடியலில் வர வேண்டியிருக்கிறது. இரை இருக்கும் நேரத்தில் அங்கே இரு என்பதுதான் அதன் செய்தி. அமெரிக்க அலுவலகம் விழித்திருக்கும் நேரத்தில் விழித்திருந்து உழைக்கும் பிள்ளை அதைத்தான் செய்கிறான். விடிய விடிய வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவனிடம் அந்தப் பழமொழியைச் சொல்வது அறியாமை மட்டுமன்று, அன்பில்லாத செயலும் ஆகும். உறவினர்களிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிரம்பை ஒதுக்கினால் பிள்ளை கெடும் என்ற ஆங்கிலப் பழமொழியும், அடியாத மாடு படியாது என்ற நம்முடையதும் எந்தக் காரியத்துக்கும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில், பள்ளியில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்திருக்கிறது. பழமை என்பதற்காக மட்டும் ஒரு வாசகத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

தொகுப்பு கேட்டிருந்தீர்கள். பீட்டர் பெர்சிவல் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1874இல் சென்னையில் வெளியிட்டார். ஹெர்மன் ஜென்சனின் தொகுப்பு 1897இல் வந்தது. பொருள்வாரியாகப் பிரித்திருப்பதால் தேடுவதற்கு எளிது. ஆங்கிலப் பழமொழிக்கு இணையான நம் பழமொழியைத் தேட இரண்டும் உதவும். ஆனால் சாதியையும் பெண்களையும் இழித்துப் பேசும் வாசகங்கள் அக்காலத் தொகுப்புகளில் நிறைய உண்டு. ஆகவே முதலில் நீங்கள் புரட்டிப் பார்த்து, அவளுக்கு ஏற்றவற்றைக் குறித்துக் கொடுங்கள்.