அப்பாவின் றங்குப்பெட்டியில் இருந்த அட்டைகள்

அன்புள்ள அண்ணா,

கரைவலை இழுத்தவர்களைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். இப்போது கொப்பிக் கடை வைத்திருக்கிற முதியவர் இளவயதில் சாம்பல்தீவுக் கரையில் அம்பா பாடி வலை இழுத்தவர் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த இடத்தில் எனக்கு அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

அப்பா கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் கதைக்கமாட்டார். போன கிழமை கூரை ஒழுகியதால் அவருடைய றங்குப்பெட்டியை முற்றத்துக்கு எடுத்துக் காயவைத்தோம். காணி உறுதிக்கும் எங்கள் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவில் பொலித்தீன் சுற்றி நாற்பத்தேழு அட்டைகள். ஜெர்மனி, ஜப்பான், மணிலா, பீக்கிங், ஈக்வடோர் என்று எங்கெங்கோ இருந்து வந்தவை. எல்லாவற்றிலும் அப்பாவின் பெயர். 1984இல் தொடங்கி 1989இல் முடிகின்றன. கூடவே ஒரு சீ.ஆர். கொப்பி. அதில் திகதி, நேரம், பிறகு 34433, 25332 என்று எண்கள். நேரமெல்லாம் நடுச்சாமத்தை ஒட்டியவை: 23.40, 23.55, 00.15.

உண்மையைச் சொன்னால் பயந்துவிட்டேன். அந்தப் போர்க்காலத்தில் இப்படி எண் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்பா வந்து பார்த்தார். "அது சும்மா பிள்ளை" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விட்டார். இது என்ன அண்ணா? ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை? இன்றைக்கும் விடிய ஐந்து மணிக்கு எழும்பி விறாந்தையில் தனியே இருப்பார். அவ்வளவுதான் எங்களுக்கு அவரைப் பற்றித் தெரியும் போலிருக்கிறது.

ஒரு வாசகி, உவர்மலை

அன்புள்ள தங்கைக்கு,

பயப்பட ஒன்றுமில்லை. உங்கள் அப்பா சிற்றலை வானொலி கேட்டிருக்கிறார். வெறுமனே பாட்டுக் கேட்பவரைப் போல இல்லை, தூண்டில்காரன் மீனுக்குக் காத்திருப்பதைப் போல.

அந்த அட்டைகளுக்கு கியூ.எஸ்.எல். அட்டை என்று பெயர். தந்திக்காரரின் சுருக்கெழுத்திலிருந்து வந்த சொல். 'கிடைத்தது, உறுதி செய்கிறேன்' என்று பொருள். தூர தேசத்து வானொலி ஒன்று உங்கள் காதில் விழுந்தால், எத்தனை மணிக்கு, எந்த அலைவரிசையில், என்ன நிகழ்ச்சி, எவ்வளவு தெளிவு என்று எழுதி அந்த நிலையத்துக்கு அனுப்பவேண்டும். அவர்கள் தங்கள் பதிவேட்டோடு ஒப்பிட்டு, சரியாக இருந்தால் அட்டை அனுப்புவார்கள். கேட்காததைக் கேட்டதாகச் சொல்லி வாங்க முடியாது. அப்படியானால் நாற்பத்தேழு அட்டை என்பது நாற்பத்தேழு தடவை உங்கள் அப்பா சரியாகக் கேட்டார் என்பதற்கான அத்தாட்சி.

அந்த ஐந்து எண்கள் ஒலியின் தரம். முதலாவது ஒலியின் வலு, இரண்டாவது பக்கத்து நிலையங்களின் இடைஞ்சல், மூன்றாவது இரைச்சல், நான்காவது அலை வருகிற வழியில் ஏறி இறங்கும் குழப்பம், ஐந்தாவது மொத்தத்தில் எப்படி. ஐந்து என்றால் மிக நல்லது, ஒன்று என்றால் மோசம். 25332 என்று எழுதியிருக்கிறாரே, ஒலி மெலிவு, ஆனால் பக்கத்தில் ஒருவரும் குழப்பவில்லை, இரைச்சலும் தளம்பலும் நடுத்தரம், மொத்தத்தில் கேட்பது கஷ்டம். இருந்தும் இருந்து கேட்டிருக்கிறார். கச்சேரிக் கோப்புகளில் அவருடைய குறிப்புகள் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இதிலிருந்தே தெரிகிறது.

இனி அந்த நேரம். நீங்கள் அதை நடுச்சாமம் என்று நினைத்துவிட்டீர்கள். வானொலிக்காரர் உலகம் முழுவதற்கும் பொதுவாக கிரீன்விச் நேரத்தையே எழுதுவார்கள். நாங்கள் அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலம் முந்தி இருக்கிறோம். 23.40ஓடு ஐந்தரையைக் கூட்டிப் பாருங்கள். விடிய ஐந்து மணி பத்து நிமிடம்.

உங்கள் அப்பா விறாந்தையில் இருக்கிற நேரம்.

அந்த நேரத்தை அவர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. பகலில் வானத்தின் கீழ் அடுக்கு ஒன்று சிற்றலையை விழுங்கிக்கொள்ளும். இருட்டுப்பட அந்த அடுக்கு கரைந்துபோகும். அப்போது அலை மேல் அடுக்கில் பட்டுத் தெறித்து, நிலத்திலும் கடலிலும் பட்டுத் திரும்ப மேலே போய், தாவித் தாவி ஆயிரக்கணக்கான மைல் வரும். ஈக்வடோரின் தலைநகரம் குயிட்டோ எங்களுக்குப் பூமியின் ஏறத்தாழ மறுபக்கம். எங்களுக்கு விடிய முக்கால் மணி நேரம் இருக்கும்போது அங்கே பொழுதுபட்டுக் கொஞ்ச நேரம்தான். இரவும் பகலும் தொட்டுக்கொள்கிற அந்த விளிம்பில்தான் மிகத் தூரத்துக் குரல்கள் பிடிபடும். அரை மணி நேரம் இருக்கும், சில நாள் பத்து நிமிடம். வெயில் ஏற அது போய்விடும். குயிட்டோ அட்டையை உங்கள் அப்பா லேசாக வாங்கியிருக்கமாட்டார்.

1984 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்கு வேறொன்றும் தோன்றியது. ஜெர்மன் வானொலியான டொயிச்சே வெல்லே திருகோணமலையில் தன் ஒலியை வாங்கித் திரும்ப ஒலிபரப்புகிற அஞ்சல் நிலையத்தைத் தொடங்கிய காலம் அது. ஊருக்கு வடக்கே நெடிய கம்பங்கள் எழும்பி நின்றதைப் பார்க்க நாங்கள் சைக்கிளில் போயிருக்கிறோம். ஆசியா முழுக்கக் கேட்கிற ஒலிபரப்பு எங்கள் பனங்காணிகளுக்குப் பக்கத்திலிருந்து போகிறது என்பது அப்போது பெரிய அதிசயம். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கம்பங்களைப் பார்த்துத்தான் ஆசை பிடித்ததா என்று கேட்டுப் பாருங்கள். இது என் ஊகம்தான்.

அந்தக் கம்பங்களோடு சேர்ந்து எனக்கு ஆர்தர் சி. கிளார்க் நினைவுக்கு வருவார். 1956இல் கோணேசர் மலையடியில் சுழியோடி, இடிக்கப்பட்ட பழைய கோயிலின் தூண்களைக் கடலுக்குள் கண்டவர்களில் ஒருவர் என்றுதான் எங்கள் ஊர் அவரை அறியும். உலகம் அவரை எழுத்தாளராக அறியும். அவரும் இளவயதில் லண்டனில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கணக்குப் பரிசோதித்த எழுதுவினைஞர். 1945இல், பூமி சுற்றுகிற வேகத்திலேயே சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்கிற செய்மதிகளால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்று எழுதியவரும் அவர்தான். அவர் சொன்னபடி செய்மதிகள் வந்தன, இணையம் வந்தது, சிற்றலையின் காலம் மெல்ல மெல்லப் போனது. ஜெர்மன்காரரும் நிலையத்தைக் கையளித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

சரி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள்.

எங்கள் ஊரில் ஒருவர் கடைசியாகச் செய்த வேலைதான் பெயரோடு ஒட்டும். போஸ்ட்மாஸ்டர், ஓவசியர், மாஸ்டர். அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் உதிர்ந்துவிடும். 1957இல் பிரித்தானியக் கடற்படை தளத்தைக் கையளித்துவிட்டுப் போனபோது டொக்யாட்டில், அதாவது கப்பல் திருத்தும் தளத்தில், வேலை செய்த எத்தனையோ பேர் வேறு தொழிலுக்கு மாறினார்கள். எங்கள் ஒழுங்கையில் கோயிலுக்குப் பூமாலை கட்டிக் கொடுத்த ஒரு தாத்தா அங்கே கொதிகலன் திருத்தியவர் என்பது அவருடைய செத்தவீட்டில்தான் எனக்குத் தெரியவந்தது. கிண்ணியாவில் 2009இல் பாலம் திறக்கும்வரை பாதை, அதாவது ஆட்களை ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை, ஓட்டிய மனிதர்கள் இப்போது என்ன பெயரில் அறியப்படுகிறார்கள்? இன்னும் பத்து வருடத்தில் 'பாதை' என்றால் தெருவை மட்டும் நினைக்கிற பிள்ளைகள்தான் அங்கே இருப்பார்கள். இது எனக்கு மெய்யாகவே வலிக்கிறது.

நானும் இருபது வயதில் இரண்டு வருடம் பெயர்ப்பலகை எழுதினவன். கடைக்காரர்களுக்கு மூன்று மொழியிலும் எழுதவேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரியாத காலத்தில் அந்த எழுத்துகளைப் படமாக வரையப் பழகினேன். வளைவு எங்கே தொடங்கி எங்கே சுருளுகிறது என்பது கைக்குத் தெரிந்த பிறகுதான் அந்த மொழி எனக்குள் வந்தது. இன்றைக்கும் ஒரு பக்கத்தை எழுதி முடித்தால் முதலில் தள்ளி நின்று இடைவெளிகளைப் பார்க்கிறேன். அது பலகை தந்த பழக்கம். இதை என் பிள்ளைகளுக்கு நான் சொன்னதில்லை என்பது உங்கள் கடிதத்தை வாசிக்கும்போதுதான் உறைத்தது. மறைக்கவேண்டும் என்று நினைத்ததில்லை. ஒருவரும் கேட்கவில்லை, கதை அந்தப் பக்கம் திரும்பவுமில்லை.

உங்கள் அப்பாவுக்கு இன்னொரு காரணமும் இருந்திருக்கும். வெளிநாட்டு முத்திரை, எண் நிறைந்த கொப்பி, வானொலிக்கு ஏரியலாக மரத்திலிருந்து மரத்துக்கு ஒரு கம்பி. அந்த வருடங்களில் இதில் ஒன்று போதும், விளங்கப்படுத்த முடியாமல் நிற்பதற்கு. நீங்கள் பயந்த அதே பயத்தை அவர் அன்றே பட்டிருப்பார். கொப்பி 1989இல் நின்றுபோனதற்கும் அடுத்த வருடம் ஊரில் நடந்தவற்றுக்கும் தொடர்பு இருக்குமா என்று அவரிடம்தான் கேட்கவேண்டும். அவசரப்படாமல் கேளுங்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்தது ஒரு வரியைத்தான். காணி உறுதிக்கும் பிறப்புச் சான்றிதழ்களுக்கும் நடுவில். 1983க்கும் 1990க்கும் இடையில் எத்தனை தடவை வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியிருப்போம். ஓடுகிற நேரம் தூக்குவதற்கென்று எல்லா வீட்டிலும் ஒரு பை கட்டி வைத்திருந்தோம். அந்தப் பையில் ஒரு பொருளுக்கு இடம் கிடைப்பது லேசில்லை. எங்கள் வீட்டில் அம்மாவின் கலியாணப் படத்துக்கே இடம் இருக்கவில்லை. உங்கள் அப்பா உறுதியோடும் உங்கள் பிறப்புச் சான்றிதழோடும் சேர்த்து அந்த அட்டைகளைத் தூக்கியிருக்கிறார். அவர் சொன்ன 'சும்மா'வை நான் நம்பவில்லை, தங்கை.

"ஏன் அப்பா சொல்லவில்லை" என்று தொடங்கவேண்டாம். அது குற்றம் கேட்பதைப் போலிருக்கும், அவர் திரும்ப மூடிக்கொள்வார். நாளைக்கு விடிய ஐந்து மணிக்கு இரண்டு கோப்பைப் பிளேன்டீயோடு விறாந்தைக்குப் போங்கள். குயிட்டோ பிடிபட்ட அன்று கம்பியை எந்த மரத்தில் கட்டியிருந்தார் என்று கேளுங்கள். மரம் இன்னும் நிற்கிறதா என்றும் பாருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணா