வானொலியும் பாட்காஸ்டும் நன்கொடை கேட்கும்போது நம்மை ஏன் கூனிக்குறுக வைக்கின்றன?

"தினமும் கேட்கிறீர்களே, இதுவரை ஒரு ரூபாயாவது கொடுத்தீர்களா?" என்ற தொனியில் பணம் கேட்பதுதான் குற்ற உணர்வைத் தூண்டும் நன்கொடைக் கோரிக்கை. ஆகாசவாணி அரசுப் பணத்தில் நடப்பதால் வானொலியில் நமக்கு இது பழக்கமில்லை. அமெரிக்காவில் பழைய கதை. 1949-இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய கே.பி.எஃப்.ஏ. என்ற வானொலி நிலையம் நேயர்களின் சந்தாவை நம்பியே ஓடியது. இன்றும் அங்குள்ள பொது வானொலிகள் ஆண்டில் சில தடவை நிகழ்ச்சிகளை இடையில் நிறுத்தி, நாள்கணக்கில் நன்கொடை கேட்கும்.

காரணம் எளிது. கொடுக்காதவர் காதில் மட்டும் விழாமல் தடுக்க வானொலியில் வழி இல்லை. மிஞ்சுவது மனசாட்சி ஒன்றுதான்.

வேலூர் சத்துவாச்சாரியில் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். தூக்குவாளியோடு வரும் யாருக்கும் கூழ் உண்டு, பணம் கொடுத்தாரா என்று யாரும் பார்ப்பதில்லை. ஆனால் அடுத்த வருஷம் ரசீது புத்தகத்தோடு வருபவர், "போன தடவை ரெண்டு தூக்கு வாங்கினு போனீங்களேண்ணா" என்பார். கை தானாகச் சட்டைப்பைக்குள் போகும். அதையே வாராவாரம் சொன்னால்? தெருமுனையில் அவர் தலை தெரிந்ததுமே கதவைச் சாத்துவோம். பாட்காஸ்டில் இன்னும் சுலபம், பேச்சைத் தள்ளிவிட ஒரு பொத்தான் போதும். என்னைக் கேட்டால், மாதம் இவ்வளவு செலவாகிறது என்று கணக்கைச் சொல்லிக் கேட்பவருக்குத்தான் கொடுக்கத் தோன்றும்.

அப்புறம், பணம் தராமல் கேட்பது திருட்டு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, யார் வேண்டுமானாலும் இலவசமாகக் கேட்கட்டும் என்றுதான் ஒலிபரப்பே செய்கிறார்கள்.