எல்லாரும் தப்பு பண்ற இடத்துல நேர்மையா இருந்தா கடவுளோட அருள் கிடைக்குமா?

கோத்தகிரில தேயிலை கொள்முதல் பண்ற இடத்துல வேலை, சின்ன விவசாயிங்க கொண்டு வர்ற இலைல ஈரம்னு சொல்லி கிலோவக் கூடுதலா கழிச்சு எழுதச் சொல்றாங்க, மறுத்தா அருள் கிடைக்குமான்னு கேட்டிருக்கீங்க தம்பி. கத்தோலிக்கப் போதனைப்படி பாத்தா கேள்வியே தலைகீழா இருக்கு. அருள்ங்கறது நல்லவனா இருந்ததுக்கு மாசக் கடைசில வர்ற சம்பளம் இல்ல, அது முதல்லயே இலவசமா வருது, 'இது தப்பாச்சே'ன்னு உங்களுக்கு உறுத்துது பாருங்க, அதுவே அருளோட வேலைன்னு எடுத்துக்கலாம். சொந்த முயற்சியாலயே நல்லவனாகிடலாம்னு பெலாஜியுஸ்ங்கற துறவி சொன்னப்ப புனித அகுஸ்தினார் விடாம எதிர்த்தாரு, 418ல கார்த்தேஜ்ல கூடின ஆயர்கள் சங்கமும் கண்டிச்சுது. அதுக்காக சும்மா உக்காந்திருந்தா போதும்னும் இல்ல, அருள் தொடங்கி வைக்கும், மனுஷன் ஒத்துழைக்கணும்னு 1547ல திரெந்துங்கற திருச்சபைப் பொதுச்சங்கம் சொல்லிடுச்சு.

லூக்கா 19 படிங்க. வரி தண்டுறவங்களுக்குத் தலைவனா இருந்த சக்கேயு திருந்தின அப்புறமா இயேசு வரல, அவரே முதல்ல கூப்பிட்டாரு, அதுக்கப்புறம்தான் ஏமாத்தினத நாலு மடங்கா தர்றேன்னு இவன் எழுந்து நிக்கிறான்.

வேலைய விடணுமா? வரி தண்டுறவங்க கேட்டப்ப திருமுழுக்கு யோவான் வேலைய விடச் சொல்லல, குறிச்சதுக்கு மேல வாங்காதீங்கன்னுதான் சொன்னாரு. ஆனா பொய் எடைய உங்க கையால எழுதாதீங்க. ஏற்கனவே எழுதியிருந்தா, சாமியார்ட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு கேக்குற பாவசங்கீர்த்தனத்துல மன்னிப்பு உண்டு, பறிச்சத திருப்பிக் கொடுக்குற கடமை மட்டும் போகாது, இதை நிறைய பேரு வசதியா மறந்துடுறாங்க, ஊட்டி காந்தல் குருசடி கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டா கணக்கு தீந்துச்சுன்னு நெனப்பு! சம்பளம் போயிடுமோங்கற பயம் நியாயம்தான், அதைத் தனியா சுமக்காம பங்குச் சாமியார்ட்ட பேசுங்க, ஞாயிறு நற்கருணைய விடாதீங்க.