ஒரு காது மட்டும் மந்தமா? அகூஸ்டிக் நியூரோமா: கேள்வி பதில்

செவித்திறன் பரிசோதனைதான் என் வேலை. அறிகுறிகள், காது பரிசோதனைகள் பற்றிக் கேளுங்கள். ஆபரேஷனா கதிர்வீச்சா என்று முடிவு செய்வது என் துறை இல்லை.

இது புற்றுநோயா? முதலில் என்ன தெரியும்?

புற்றுநோய் இல்லை. உள்காதிலிருந்து மூளைக்குப் போகும் எட்டாவது நரம்பில், சமநிலைக்கான கிளையைச் சுற்றியிருக்கும் ஷ்வான் செல்களில் வரும் சாதாரணக் கட்டி. மருத்துவர்கள் இப்போது வெஸ்டிபுலர் ஷ்வானோமா என்று எழுதுகிறார்கள். வளர்ந்தால் பெரும்பாலும் வருடத்துக்கு 1, 2 மில்லிமீட்டர், நிறைய கட்டிகள் வளராமலே கிடக்கும். இந்த மெதுவான போக்கால்தான் பலருக்கும் அது தெரிவதே இல்லை. ஒரு காது கொஞ்சம் கொஞ்சமாக மந்தமாகும், அந்தப் பக்கம் இரைச்சல் வரும், காது அடைத்த மாதிரி இருக்கும். போனை தன்னையறியாமல் மற்றக் காதுக்கு மாற்றியிருப்பார்கள், கேட்டால்தான் நினைவு வரும். முக்கியமாக, சத்தம் கேட்கும் ஆனால் வார்த்தை புரியாது. ஆடியோகிராமில் (எவ்வளவு சத்தம் கேட்கிறது என்று காட்டும் வரைபடம்) தெரியும் குறைவை விட, பேச்சைப் புரிந்துகொள்வது ரொம்பவே மோசமாக இருந்தால் நான் உடனே உஷாராகிவிடுவேன். ஒரு பக்கம் மட்டும் என்பதை மறக்காதீர்கள், இன்று இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்.

பல வருடமாக இரண்டு காதிலும் ரீங்காரம். கட்டியாக இருக்குமோ?

அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆடியோகிராம் எடுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கட்டி வருவது என்எஃப்2 என்ற மரபணு நோயில், அது பெரும்பாலும் இளம் வயதிலேயே தெரியவரும். குடும்பத்தில் யாருக்காவது அது இருந்தால் மட்டும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுக்கையில் புரண்டால் அரை நிமிடம் உலகமே சுற்றுகிறது.

உள்காதுத் துகள்கள் இடம் மாறியதால் வரும் தலைச்சுற்றல் மாதிரி இருக்கிறது. ஈ.என்.டி. டாக்டர் தலையைச் சில நிலைகளில் திருப்பியே சரிசெய்வார். நியூரோமாவில் இப்படிச் சுழல்வதை விட, நடக்கும்போது தள்ளாட்டம்தான் அதிகம், இருட்டில் கூடும். கட்டி மெதுவாக வளர்வதால் மூளை ஈடுகட்டிக்கொள்கிறது.

ஒரு காது திடீரென்று கேட்காமல் போய், ஸ்டீராய்டு மாத்திரையில் சரியாகிவிட்டது. பிறகும் எம்.ஆர்.ஐ. எதற்கு?

எடுத்துவிடுங்கள். நியூரோமா உள்ளவர்களில் சிலருக்குத் திடீர்ச் செவிடுதான் முதல் அறிகுறி, அவர்களில் சிலருக்கு ஸ்டீராய்டில் கேட்கும் திறன் திரும்பியும் வரும். மருந்து பலன் தந்தது என்பதை வைத்துக் கட்டி இல்லை என்று சொல்ல முடியாது. மற்றவர்களுக்கும் ஒன்று: திடீரென்று ஒரு காது போனால், அழுக்கு அடைத்திருக்கும் என்று சொட்டு மருந்து விட்டுக்கொண்டு காத்திருக்காதீர்கள். ஸ்டீராய்டு பலன் தருவது முதல் நாட்களில்தான், இரண்டு வாரம் தாண்டினால் பலன் வேகமாகக் குறையும்.

எல்லோரையும் எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பிப் பயமுறுத்துகிறீர்களே? முக்கால்வாசிப் பேருக்கு ஒன்றும் இருக்காது. சி.டி. போதாதா?

எல்லோரையும் அனுப்பவில்லை, மேலே இரண்டு பேரை அனுப்பவில்லை. எடுப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ஒன்றும் இருக்காது என்பதும் சரி. ஆனால் ஆடியோகிராமில் இரு காதுக்கும் இடையே, அடுத்தடுத்த இரண்டு அலைவரிசைகளில் 15 டெசிபல் அளவுக்கு வித்தியாசம் இருந்து, அதற்கு வேறு காரணம் கிடைக்காவிட்டால், அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வராது. சி.டி.யில் சின்னக் கட்டி தப்பிவிடும். காது நரம்பின் மின் அலைகளைப் பார்க்கும் பெரா பரிசோதனையிலும் 1 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளது தப்பலாம். கட்டியைத் தெளிவாகக் காட்டும் காடோலினியம் மருந்தை ஊசியில் போட்டு, அந்த நரம்பு போகும் உட்செவிக் குழாயைப் பார்க்கும் எம்.ஆர்.ஐ.தான் உறுதியாகக் காட்டும்.

ஆனால் சின்னக் கட்டியைக் கண்டுபிடித்து என்ன பயன், சும்மாதானே விட்டுவைப்பார்கள்?

சும்மா விடுவதில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ஸ்கேன், அப்புறம் பெரும்பாலும் வருடத்துக்கு ஒன்று என்று கண்காணிப்பார்கள். வளர்ந்தால் காமா கத்தி என்ற கதிர்வீச்சா அறுவையா என்று யோசிக்க அவகாசம் இருக்கும். கட்டி பெரிதாகி மூளைத்தண்டை அழுத்தும் கட்டத்தில் அந்த அவகாசம் கிடைக்காது, முக நரம்பைக் காப்பதும் கடினமாகிவிடும். இந்த விவாதத்தில் எனக்கு இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை.

இரண்டு காதிலும் இரைச்சல்...

மேலே பதில் இருக்கிறது, தயவுசெய்து படியுங்கள்.

முகத்தில் ஒரு பக்கம் மரத்துப்போகிறது.

கட்டி பெரிதானால் ஐந்தாவது நரம்பை அழுத்தி கன்னம் மரத்துப்போகலாம். முகம் கோணுவது இந்தக் கட்டியில் அபூர்வம். திடீரென்று வாய் கோணினாலோ, கை கால் வலுவிழந்தாலோ, பேச்சு குழறினாலோ பக்கவாதமாக இருக்கலாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலைவலி கூடிக்கொண்டே போய் வாந்தியும் நடைத் தடுமாற்றமும் சேர்ந்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

செல்போனால் வருமா?

நிரூபணம் இல்லை. 2011-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 'சாத்தியம் இருக்கலாம்' என்ற பிரிவில்தான் வைத்தது.

நாடித்துடிப்போடு சேர்ந்து காதில் தட்டுகிறது, இடது பக்கம் மட்டும்.

இது வேறு. ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஈ.என்.டி. டாக்டரிடம் 'துடிப்போடு சேர்ந்து' என்ற அந்த விவரத்தைக் கட்டாயம் சொல்லுங்கள், எந்த ஸ்கேன் எடுப்பது என்பதே அதைப் பொறுத்து மாறும்.