வாடகை வீடும் மன நிம்மதியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

வீட்டுக்கார அன்ரி அதே வளவில் முன்வீட்டில் இருக்கிறார். நல்ல மனுசி. ஆனால் படலைக் கொண்டி சத்தம் கேட்டாலே அவருடைய யன்னல் சீலை விலகும். யார் வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று மறுநாள் கேட்பார். வீடு வசதிதான், எனக்கு நித்திரைதான் வருவதில்லை. (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்)

தங்கச்சி, அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், கதவைச் சாத்தியபின் அது உங்கள் இடமாகத் தெரியவேண்டும். இல்லாவிட்டால் உடம்பு கட்டிலில் கிடக்கும், மனம் படலையடியில் காவல் நிற்கும். அன்ரியின் பக்கத்தையும் பாருங்கள். நம் ஊரில் வீடென்பது மகளுக்குச் சீதனமாகப் போகும் சொத்து. அதை இன்னொருவரிடம் விட்டுவிட்டுக் கண்ணை எடுப்பது லேசில்லை. ஒரு பின்னேரம் தேத்தண்ணி நேரத்தில் ஆறுதலாகக் கதையுங்கள். "அன்ரி, சனிக்கிழமை சிநேகிதிகள் வருவினம், எட்டு மணிக்குள்ளை போயிடுவினம்" என்று நீங்களே முந்திச் சொன்னால், மறுநாள் கேட்க அவருக்கு அதிகம் இராது. அப்படியும் சில கிழமைகளில் நித்திரை சரிவராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பக்கத்தில் வெங்காயத் தோட்டம். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் நாலு மாதக் குழந்தைக்கு மாப்பால் கரைக்கிறோம். போதுமா? (கோண்டாவில்)

போதாது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உரத்திலும் கழிவிலும் இருந்து வரும் நைத்திரேற்று என்ற உப்பு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். நம் நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். தோட்டத்து யூரியாவும் மலசலகூடக் குழியின் கழிவும் அதன் வெடிப்புகளால் கிணற்றுக்கு இறங்கிவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். அதற்கு மேல் போனால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தி குறையலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தண்ணீரைப் பரிசோதியுங்கள். முடிவு வரும்வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம். உதடு நீலம் பாரித்தால் உடனே ஆஸ்பத்திரி.

இரண்டு வருட ஒப்பந்தத்தை வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம். செல்லுமா? (கொக்குவில்)

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு முன் எழுதவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. உங்கள் தாளை நம்பி இரண்டு வருடம் நிச்சயம் என்று இருக்காதீர்கள். உறுதிப் பத்திரமாக எழுதுவித்துக்கொண்டால்தான் முற்றத்தில் ஒரு முருங்கைக் கொம்பு நடவும் மனம் வரும். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டு வாங்கினீர்களா?