காசு கொடுத்த கேம் யாருடையது?

கேள்வி: என் மகன் 1,800 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் வாங்கிய கார் ரேஸ் கேமை, கம்பெனி கைமாறிய பிறகு நிறுத்திவிட்டார்கள். குறுவை அறுவடைப் பணம் சார் அது. திரும்பக் கேட்க முடியாதா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: கேட்கலாம், ஆனால் முதலில் ‘சம்மதம்’ என்று உங்கள் மகன் படிக்காமலேயே அழுத்திய அந்த நீளமான ஒப்பந்தத்தைத் திறந்து பாருங்கள், விற்றது கேமை அல்ல, விளையாடும் அனுமதியை மட்டும்தான் என்று அதில் இருக்கும். கிரயம் என்று நினைத்தது குத்தகை. நம் ஊரில் குத்தகைக்காரரைக்கூட அவ்வளவு லேசில் வெளியேற்ற முடியாது, அது வேறு விஷயம்.

இது உங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. யூபிசாஃப்ட் என்ற கேம் கம்பெனி 2014-ல் விற்ற ‘தி க்ரூ’ என்ற கார் ரேஸ் கேமின் சர்வரை 2024 மார்ச்சில் அணைத்தது. தனியாக விளையாடியவர்களுக்கும் சேர்த்தே போச்சு, ஏனென்றால் இணையம் இல்லாமல் அது ஓடவே ஓடாது. அதிலிருந்து கிளம்பியதுதான் ‘ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்’ (கேம்களைக் கொல்லாதீர்கள்) இயக்கம். கலிஃபோர்னியாவில் 2025 முதல், வெறும் அனுமதியை விற்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லாமல் ‘வாங்கு’ என்று பட்டன் வைக்கக் கூடாது. இங்கே அப்படித் தனிச் சட்டம் இல்லை.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது: பணம் கட்டிய ரசீது, நிறுத்துவதாக வந்த மெயில் இரண்டையும் எடுத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கம்பெனி மசியாவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. வாங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று எழுதவில்லையே? நாலு மாதம் என்றால் உங்கள் பக்கம் வலு அதிகம், நாலு வருஷம் என்றால் கொஞ்சம் கஷ்டம்தான்.