சவுண்ட் கேள்வி-பதில்: மைக்கைக் கிட்டக் கொண்டுபோங்கோ

இந்தமுறை கனக்கக் கேள்வி வந்திருக்கு, முக்காவாசி மைக்கைப் பற்றித்தான்.

கிளிநொச்சித் தம்பி: குறும்படத்துக்கு 24 பிட்டா, 32 பிட் ஃப்ளோட்டா அண்ணை?

காசு இருந்தா ஃப்ளோட் (சத்தம் திடீரெண்டு கூடினாலும் ரெக்கோடருக்குள்ள உடையாம, பிறகு குறைச்செடுக்கலாம்), சூம் எஃப்3 மாதிரிச் சின்ன ரெக்கோடரே காணும். இல்லாட்டி 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், கதைக்கிற லெவல் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமப் பாருங்கோ. ஃப்ளோட் எண்டு போட்டு ஹெட்போனைக் கழட்டி வைக்காதேங்கோ. மைக்கிலயே சத்தம் உடைஞ்சா ரெக்கோடரால ஒண்டும் செய்யேலாது.

முல்லைத்தீவு: மைக் சரியில்லை, எது வாங்கலாம்?

என்ன மைக், எங்க வைச்சனீங்கள், என்ன எடுக்கிறீங்கள், ஒண்டும் எழுதேல்லை. உதுக்கு நான் என்னத்தைச் சொல்ல? விவரமாத் திருப்பி எழுதுங்கோ.

ஒட்டுசுட்டான்: மாரியில ஷொட்கன் மைக் (முன்னுக்கு உள்ள சத்தத்தைக் கூட எடுக்கிற நீட்டு மைக்) பொரியிற மாதிரிச் சத்தம் போடுது.

ஈரம் ஏறியிருக்கு. மூடி இறுக்கமான பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு ஒருநாள் விடுங்கோ, ஹெயார் டிரையர் பிடிக்கவே வேண்டாம். ஏசி வானால இறங்கின உடன மைக்கை வெளியில எடுக்காம அரை மணித்தியாலம் பையுக்குள்ளயே கிடக்க விடுங்கோ. புதுசா வாங்கிறதெண்டா சென்ஹைசர் 416, ரோட் என்டிஜி5 மாதிரி, உள்ளுக்க ரேடியோ அலைவரிசைச் சுற்றில வேலைசெய்யிற ஆர்எஃப் வகை மைக் ஈரத்தை நல்லாத் தாங்கும்.

மாங்குளம்: இரணைமடுப் பக்கம் ஒரு கமக்கார ஐயாவைப் பேட்டி எடுத்தம், மைக் கமராவுக்கு மேல, ஒரு 2 மீற்றர் தூரம். காத்தும் வோட்டர் பம்பும்தான் கேக்குது. சொஃப்ட்வெயாரில எடுக்கலாமோ?

கொஞ்சம் எடுக்கலாம், ஆனா ஐயாவின்ர குரல் தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி வரும். எத்தினை தரம் சொல்லியாச்சு, கமராவுக்கு மேல மைக் வைச்சுப் பேட்டி எடுக்காதேங்கோ எண்டு! தூரம் பாதியாக் குறைய குரல் 6 டெசிபெல் கூடும், 2 மீற்றரை அரை மீற்றராக்கினா 12 டெசிபெல் சும்மா கிடைக்கும், தூரத்தில நிக்கிற பம்புச் சத்தம் அப்பிடியேதான் இருக்கும். எந்த விலையான மைக்கும் உந்த வேலையைச் செய்யாது. பூம் தடி வாங்கக் காசில்லையெண்டா மெல்லிய மூங்கில் தடியில ஷொக் மவுண்டை (தடியின்ர அதிர்வு மைக்குக்குப் போகாமத் தாங்கிற பிடி) கட்டி, தலைக்கு மேலயிருந்து நெஞ்சைப் பாத்துப் பிடியுங்கோ. சோளகக் காத்துக்கு ஸ்பொஞ்ச் காணாது, மயிர் உறை வேணும். பம்புக்காரரிட்ட பத்து நிமிசம் நிப்பாட்டச் சொல்லிக் கேட்டா நிப்பாட்டுவினம், கேக்கிறதுக்குத்தான் ஆக்கள் இல்லை. வயசான ஆக்கள் கதைக்கேக்க வசனத்தின்ர கடைசிச் சொல் அடங்கிப்போகும், ஊர்ப்பேரும் வருசமும் செத்த ஆளின்ர பேரும் அந்த இடத்திலதான் வரும், அதைத்தான் நீங்கள் பம்புக்குக் குடுத்திட்டு வந்திருக்கிறீங்கள். கமராவுக்கு லட்சக்கணக்கில குடுக்கிற ஆக்கள் ஒரு ஹெட்போனைப் போட்டுக் கேட்டிருந்தா அந்த இடத்திலயே விளங்கியிருக்கும். ஐயா இருக்கிறார்தானே, திரும்பப் போய் எடுங்கோ, கெதியாப் போங்கோ.

வவுனியா: கொலர் மைக்கில சரசரப்பு.

கஞ்சி போட்ட சேட்டும் பட்டுச்சீலையும் அப்பிடித்தான். மைக்குக்கு ரெண்டு பக்கமும் மெடிக்கல் டேப் ஒட்டித் துணி உரசாமப் பண்ணுங்கோ, வயரில ஒரு சின்ன வளையம் விட்டு ஒட்டுங்கோ. பிறகு ஹெட்போன் போட்டுக்கொண்டு ஆளை ஒருக்கா நடக்கச் சொல்லுங்கோ.

புதுக்குடியிருப்பு: கோவலன் கூத்து விடிய விடிய எடுக்கப்போறம். காட் காணுமோ? படத்தோட சவுண்ட் விலகுமோ?

48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ரெண்டு சனல் எண்டா மணித்தியாலத்துக்கு ஒரு ஜிபி அளவில வரும், 32 ஜிபி தாராளம். காட்டை ரெக்கோடரிலயே ஃபோமற் பண்ணுங்கோ, கொம்பியூட்டரில வேண்டாம். சவுண்ட் விலகும், அதால இடைவேளைக்கு இடைவேளை கமராவுக்கு முன்னால ஒருக்காக் கை தட்டுங்கோ, பிறகு அதை வைச்சுப் படத்தையும் சவுண்டையும் பொருத்தலாம். விடியக் காட்டைக் கழட்டின உடன ரெண்டு இடத்தில கொப்பி, அதுக்குப் பிறகுதான் நித்திரை.

நெடுங்கேணி: ரெக்கோடரைக் கனநாள் பாவிக்காட்டி?

டபிள் ஏ பற்றரியைக் கழட்டிப்போட்டு வையுங்கோ, ஒழுகினா கொண்டக்ற் பச்சை பிடிச்சுப்போகும். சார்ஜ் பண்ணிற லிதியம் பற்றரி எண்டா பாதிச் சார்ஜில வையுங்கோ.